மச்சச் சட்டியும் மரக்கறிச் சட்டியும்

எங்கள் வீட்டுக் குசினியில் இரண்டு வகைச் சட்டிகள் உண்டு. ஒன்று மச்சச் சட்டி, மற்றது மரக்கறிச் சட்டி. யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமையும் விரத நாட்களிலும் மச்சச் சட்டியும் அதற்குரிய அகப்பையும் ஒரு மூலைக்குப் போய்விடும். கை தவறி அகப்பையை மாற்றிப் போட்டால்கூட அம்மா அந்தக் கறியை ஒதுக்கிவிடுவார். சிறுவயதில் இதெல்லாம் தேவையில்லாத கரைச்சல் என்று நினைத்தவள் நான். "கழுவினால் எல்லாச் சட்டியும் ஒண்டுதானே" என்று அம்மாவுடன் வாதாடியும் இருக்கிறேன். அந்தக் கரைச்சலுக்குள் இருந்த புத்தியை எனக்கு உணர்த்தியது சமையல் அல்ல, என்னுடைய மடிக்கணனி.

நான் வீட்டிலிருந்தபடியே கணனி நிரல் எழுதிச் சம்பாதிப்பவள். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொவிட் தொற்றினால் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது, கையிலிருந்த வேலைகள் எல்லாம் நின்றுபோயின. அந்த நாட்களில் எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்கென ஒரு சிறு மென்பொருளைச் செய்தேன். அங்கத்தவர்களின் சேமிப்பையும் கடனையும் பொருளாளர் அக்காவின் மகன் எக்செல் தாள்களில் பதிந்து, பென் ட்ரைவில் கொண்டுவந்து தருவான். எனது மென்பொருள் அந்தத் தாள்களை வாசித்து, யாருக்கு எவ்வளவு மீதி, எவ்வளவு வட்டி, யாருடைய தவணை பிந்தியிருக்கிறது என்று கணக்கிட்டுப் பட்டியல் தரும். சங்கத்திடம் சொந்தக் கணனி இல்லாதபடியால் மென்பொருள் என்னுடைய மடிக்கணனியிலேயே இருந்தது. மாதமுடிவில் பட்டியலை அச்சிட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. அந்தப் பட்டியலை வைத்துத்தான் யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள்.

இங்கே ஒரு விடயத்தை விளங்கப்படுத்த வேண்டும். மென்பொருள் செய்பவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. பிறர் எழுதி இலவசமாக விட்டிருக்கும் பொதிகளை இணையத்திலிருந்து எடுத்து, அவற்றின் மேல்தான் தனது வேலையைக் கட்டுவார். நான் எழுதுவது பைதன் என்ற நிரல் மொழியில். இணையப் பக்கங்களை ஆக்குவதற்கு ஜாங்கோ என்ற பொதி, எக்செல் தாள்களை வாசிப்பதற்கு எக்ஸ்.எல்.ஆர்.டி. என்ற பொதி, இவற்றுக்குத் துணையாக இன்னும் பல சிறு பொதிகள். இவற்றையெல்லாம் 'பிப்' என்ற கருவி ஒரு கட்டளையில் கொண்டுவந்து நிறுவிவிடும். சிக்கல் என்னவென்றால், நாம் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அது எல்லாப் பொதிகளையும் கணனியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் வைக்கும். அந்த ஓரிடத்தில் ஒரு பொதியின் ஒரு பதிப்புத்தான் இருக்க முடியும். புதியது வந்தால் பழையது அகற்றப்பட்டுவிடும். எனக்கு இது தெரியாத விடயமல்ல. தெரிந்தும் பொருட்படுத்தாமல் இருந்தேன் என்பதே உண்மை.

2022 மார்ச் மாதக் கடைசியை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு நீண்ட வரிசை, மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. அந்த நெருக்கடிக்குள் கொழும்பிலுள்ள ஒருவருக்கு இணையத்தளம் செய்து கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அது பெரிய ஆறுதல். 2021 டிசெம்பரில் வெளிவந்த ஜாங்கோ 4.0 பதிப்பில் அதைச் செய்வதாகப் பேச்சு. 31ஆம் திகதி வியாழக்கிழமை பின்னேரம் மின்சாரம் வந்த சிறு இடைவெளியில் அவசரமாகக் கணனியில் குந்தினேன். புதிய ஜாங்கோவைப் போடும்போதே, "இருக்கிற எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதுப்பித்துவிடுவோம்" என்று ஒரு நினைப்பு வந்தது. கட்டளையைக் கொடுத்தேன். வேலை அழகாக முடிந்தது. சந்தோசத்தோடு சங்கத்தின் மாதப் பட்டியலை எடுக்கலாம் என்று பழைய மென்பொருளைத் திறந்தேன்.

அது திறக்கவில்லை. திரை நிறையப் பிழைச் செய்தி.

நடந்தது இதுதான். இணைய முகவரிகளை அந்தந்தப் பக்கத்துக்கு வழிப்படுத்த நான் பயன்படுத்தியிருந்த ஒரு சிறு கூறு ஜாங்கோ 4.0இல் நீக்கப்பட்டிருந்தது. நான் மென்பொருளை எழுதிய சில மாதங்களிலேயே, 2020 ஓகஸ்டில் வந்த 3.1 பதிப்பில், "இது கைவிடப்படப் போகிறது" என்று அறிவித்துவிட்டார்கள். பழைய பதிப்பையே பாவித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த அறிவித்தல் எட்டவில்லை. எப்படியோ தேடி அந்த இடத்தைத் திருத்தினேன். அடுத்த பிழை வந்தது. இம்முறை எக்செல் தாளை வாசிக்க முடியாது என்றது. எக்ஸ்.எல்.ஆர்.டி. பொதி 2020 டிசெம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து பழைய வகை எக்செல் கோப்புகளை மாத்திரமே வாசிக்கும். எங்கள் தாள்களோ புதிய வகை. இரண்டு வருடமாக ஒரு குறையுமில்லாமல் ஓடிய மென்பொருள். அதில் நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை. அதன் காலடியில் இருந்த நிலத்தைத்தான் நானே இழுத்துவிட்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை சங்கக் கூட்டம். கடன் கேட்டு ஏழு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களில் ஓர் அக்கா, கணவரின் வலைகளைச் சீராக்க ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தார். பட்டியல் இல்லையென்றால் கடன் தீர்மானம் அடுத்த மாதத்துக்குப் போகும். பொருளாளர் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் மின்சாரமும் போய்விட்டது. மடிக்கணனியில் பற்றரி 19 வீதம் என்று காட்டியது.

பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு வருடம் முன்னால் படித்த அக்கா ஒருவர் கொழும்பில் வேலை செய்கிறார். மின்வெட்டு நேரத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. முற்றத்து மாமரத்தடியில் நின்று மூன்றாம் முறை எடுத்தபோதுதான் தொடர்பு கிடைத்தது.

"அழாமச் சொல்லு. என்ன செய்தனி?"

"எல்லாத்தையும் புதுசாக்கிப் போட்டன் அக்கா. இப்ப பழசு ஓடுதில்லை."

"முந்தி என்னென்ன பதிப்பு இருந்தது எண்டு எங்கையாவது எழுதி வைச்சிருக்கிறியோ?"

"இல்லை."

"கட்டளை அடிச்ச அந்தக் கறுப்பு யன்னலை மூடிட்டியோ?"

"இல்லை, அப்பிடியே கிடக்கு."

"அப்ப தப்பினாய். மேல உருட்டிப் பார். எதை எதைக் கழட்டினது எண்டு நம்பரோட சொல்லியிருக்கும். பற்றரி போக முன்னம் எழுதி எடு. பிறகு கதைப்பம்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். 'பிப்' ஒரு பொதியைப் புதுப்பிக்கும்போது, ஏற்கனவே இருந்த எந்தப் பதிப்பை அகற்றுகிறது என்பதையும் வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போகும். நான் அதுவரை அந்த வரிகளை ஒருநாளும் வாசித்ததில்லை. ஜாங்கோ 3.0.5. எக்ஸ்.எல்.ஆர்.டி. 1.2.0. இப்படி ஒவ்வொன்றாக மேலே இருந்தன. அம்மா குப்பி விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, பெயரும் இலக்கமுமாகப் பதினான்கு வரிகள் எழுதினேன். எழுதியதை ஒருமுறை சரிபார்த்து முடிக்கவும் திரை அணையவும் சரியாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எரிவாயு இல்லாததால் அம்மா விறகடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தார். முதல்நாள் மீன்கறி வைத்த சட்டி மூலையில் கிடந்தது. அதே அடுப்பில் இப்போது மரக்கறிச் சட்டி. "இரவு ஏன் பிள்ளை அப்பிடித் தலையில கைவைச்சுக்கொண்டு இருந்தனி?" என்று கேட்டார். கணனி தெரியாத அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், இரண்டு வேலைகளுக்குத் தேவையான சாமான்களை ஒரே இடத்தில் போட்டதால் ஒன்று மற்றதைக் கெடுத்துவிட்டது என்று சொன்னேன்.

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மச்சச் சட்டிக்குள்ள விரதக்கறி வைச்சிருக்கிறாய். அதுக்குத்தானே வேற வேற சட்டி. அடுப்பு ஒண்டு எண்டாலும் சட்டி ரெண்டு வேணும்."

அன்று காலை மின்சாரம் வந்ததும் கொழும்பு அக்கா தொலைபேசியில் சொல்லித்தந்ததும் அச்சொட்டாக அதேதான். பைதனுடன் கூடவே 'வென்வ்' என்றொரு வசதி வருகிறது. ஒரே ஒரு கட்டளை கொடுத்தால், நாம் செய்யும் வேலையின் கோப்புறைக்குள் ஒரு தனிச் சூழலை அது உருவாக்கித் தரும். அந்தச் சூழலை இயக்கிவிட்டு 'பிப்' மூலம் எதை நிறுவினாலும், அது அந்தக் கோப்புறைக்குள் மட்டுமே போகும். மற்ற வேலைகளுக்கு அது தெரியவும் மாட்டாது, அவற்றைத் தொடவும் மாட்டாது. பைதன் என்ற அடுப்புப் பொது. பொதிகள் இருக்கும் சட்டி மாத்திரம் ஒவ்வொரு வேலைக்கும் தனி.

சங்கத்தின் மென்பொருளுக்கு ஒரு சூழல் செய்தேன். கொப்பியில் இருந்த பதினான்கு வரிகளையும் அதே இலக்கங்களோடு அதற்குள் நிறுவினேன். முதல்நாள் பதற்றத்தில் திருத்திய இடத்தைப் பழையபடி மாற்றினேன். மென்பொருள் ஒன்றும் நடக்காததுபோல் திறந்தது. கொழும்பு வேலைக்கு வேறொரு சூழல் செய்து, அதற்குள் ஜாங்கோ 4.0ஐப் போட்டேன். ஒரே மடிக்கணனியில் இரண்டு ஜாங்கோக்கள், ஒன்றுக்கொன்று கரைச்சல் இல்லாமல் இருந்தன. பட்டியலைச் சந்தியிலுள்ள கொமியூனிகேசனில் அச்சிட்டு, அன்று பின்னேரமே பொருளாளர் அக்காவிடம் கொடுத்தேன். கடதாசி விலை ஏறிவிட்டதென்று கடைக்காரர் இருமடங்கு காசு வாங்கினார். சந்தோசமாகக் கொடுத்தேன்.

இந்த யோசனை ஒன்றும் புதியதல்ல. பைதனுக்கு இப்படித் தனிச் சூழல்களை உருவாக்கும் 'வேர்ச்சுவலென்வ்' என்ற கருவியை இயன் பிக்கிங் என்பவர் 2007இலேயே வெளியிட்டிருந்தார். பயனுள்ளது என்று கண்டு, 2012இல் வந்த பைதன் 3.3 பதிப்பிலிருந்து 'வென்வ்' என்ற பெயரில் அந்த வசதியைப் பைதனுடனேயே சேர்த்துவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நோட் கொண்டு வேலை செய்பவர்களுக்கு, பொதிகள் வழமையாகவே அந்தந்த வேலையின் கோப்புறைக்குள்தான் போகும். 2013இல் வெளிவந்த டொக்கர் இன்னும் ஒரு படி மேல். அது சட்டியை மட்டுமல்ல, பைதனையும் அதற்குக் கீழே தேவையான மற்றைய நூலகங்களையும் சேர்த்தே பிரித்து வைக்கிறது. 2023இல் வெளிவந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பில், தனிச் சூழல் இல்லாமல் பொது இடத்தில் 'பிப்' கொண்டு நிறுவப்போனால் கணனியே மறித்து, தனிச் சூழல் ஒன்றைச் செய்யும்படி சொல்லும். கணனி தன் சொந்த வேலைகளுக்கும் பைதனைப் பாவிப்பதால், நாம் அதன் பொதிகளை மாற்றி அதையே முடக்கிவிடக்கூடாது என்பதுதான் காரணம். எனக்கு மட்டும் நடந்த விபத்தாக இருந்திருந்தால் இவ்வளவு பேர் இவ்வளவு காலம் இதற்கு வழி தேடியிருக்க மாட்டார்கள்.

ஆனால் தனிச்சட்டி எல்லாவற்றுக்கும் மருந்தாகாது என்பதையும் சொல்ல வேண்டும். நம்பமுடியாத ஒரு பொதியை நிறுவினால், தனிச் சூழலுக்குள் இருக்கிறது என்பதற்காக அது நமது மற்றக் கோப்புகளைத் தொடாமல் விடாது. அது களவுக்கு எதிரான பூட்டு அல்ல. அதேபோல, பழைய பொதியைப் பத்திரமாகப் பிரித்து வைத்தாலும் அது பழையதுதான். ஜாங்கோ 3.0க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2021 ஏப்ரலுடன் நின்றுவிட்டன. என் மென்பொருள் இணையத்தில் இல்லாமல் என் மடிக்கணனிக்குள் மட்டும் ஓடியதால் உடனடி ஆபத்து இருக்கவில்லை. அதற்காக அப்படியே விட்டுவிடவும் முடியாது.

இங்கேதான் தனிச் சூழலின் மிகப் பெரிய நன்மையைக் கண்டேன். புதிய மண்சட்டியை வாங்கிய உடனே எவரும் அதில் கறி வைப்பதில்லை. கஞ்சி ஊற்றிக் கொதிக்கவைத்து, சில நாள் பழக்கித்தான் எடுப்போம். அதுவரை சமையல் பழைய சட்டியில் நடந்துகொண்டிருக்கும். 2023இல் நானும் அப்படியே செய்தேன். சங்கத்தின் மென்பொருளைப் பிரதியெடுத்து, அதற்கொரு புதிய சூழல் செய்து, அந்த ஏப்ரலில் வெளிவந்த, நீண்டகாலப் பராமரிப்புக்கு உறுதியளிக்கப்பட்ட ஜாங்கோ 4.2ஐப் போட்டேன். எக்செல் தாள்களை வாசிக்க ஓப்பன்பைஎக்செல் என்ற வேறு பொதியை எடுத்தேன். மூன்று மாதம் இரண்டிலும் பட்டியல் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சதக்கணக்கும் ஒத்துவந்த பிறகுதான் பழையதை விட்டேன். அந்த மூன்று மாதத்தில் சங்கக் கூட்டம் ஒன்றுகூடப் பிந்தவில்லை.

எனக்குக் கிடைத்த இரண்டாவது பாடம் 2024இல். எனக்குப் பிள்ளைப்பேற்றுக்கு நாள் குறித்திருந்தது. சில மாதங்களுக்குச் சங்க வேலையைப் பார்க்க, கணனிக் கற்கைநெறி முடித்திருந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி முன்வந்தாள். நான் முழுக் கோப்புறையையும், தனிச் சூழலோடு சேர்த்தே, பென் ட்ரைவில் போட்டுக் கொடுத்தேன். "எல்லாம் அதுக்குள்ள இருக்கு, திறந்தாச் சரி" என்றும் பெருமையாகச் சொன்னேன். அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, பைதன் இல்லை எண்டு சொல்லுது. உங்கட பேர் போட்ட ஏதோ ஒரு இடத்தில தேடுது."

தனிச் சூழலைச் செய்யும்போது, அந்தக் கணனியில் பைதன் இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் அது தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். என் கணனியின் முகவரி அவள் கணனியில் ஏது? சட்டியைத் தூக்கிக் கொடுத்துப் பயனில்லை. கொடுக்க வேண்டியது கைப்பக்குவத்தை. அதாவது, சூழலை அல்ல, அதற்குள் என்னென்ன பொதி, எந்தெந்தப் பதிப்பு இருக்கிறது என்ற பட்டியலை. 'பிப்' கருவிக்கு ஒரு கட்டளை கொடுத்தால் அந்தப் பட்டியலை அதுவே எழுதித்தரும். ஒரு சிறு எழுத்துக் கோப்பு, சில வரிகள்தான். அதன் தலைப்பில் எந்தப் பைதன் பதிப்பில் செய்தது என்பதையும் எழுதி அனுப்பினேன். அவள் தன் கணனியில் புதிதாக ஒரு சூழல் செய்து, அந்தப் பட்டியலைக் காட்டி நிறுவினாள். கால் மணித்தியாலத்துக்குள் மென்பொருள் ஓடியது.

நான் வைத்தியசாலையில் இருந்த மாதமும் சங்கத்தின் பட்டியல் உரிய நாளில் போனது. கட்டிலில் படுத்திருந்தபடி அந்தச் செய்தியைக் கேட்டபோது, 2022இன் அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது. அன்று எல்லாம் என் ஒருத்தியின் மடிக்கணனிக்குள்ளும் என் ஞாபகத்துக்குள்ளும் இருந்தது. பற்றரி இன்னும் சில நிமிடங்கள் முந்தி இறங்கியிருந்தால், அல்லது நான் அந்தக் கறுப்பு யன்னலை மூடியிருந்தால், ஏழு குடும்பங்களின் கடன் பிந்தியிருக்கும். பெண்களாகிய நாம் வீட்டிலிருந்து தனியாக வேலை செய்யும்போது, பக்கத்து மேசையில் கேட்பதற்கு ஆளில்லை. பிள்ளைப்பேறு, வருத்தம், வீட்டாரைப் பராமரிப்பது என்று வேலையை இன்னொருத்தியிடம் கொடுக்க வேண்டிய காலமும் வரும். வேலையைக் கையளிக்கக்கூடிய விதத்தில் வைத்திருப்பதும் உழைப்பின் ஒரு பகுதிதான்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் நிரல் எழுதப் பழகும் பிள்ளை இருந்தால், அல்லது நீங்களே பழகிக்கொண்டிருந்தால், இதைச் செய்யுங்கள். புதிய வேலை எதுவாக இருந்தாலும், முதல் வரியை எழுத முன்பே அதற்கொரு தனிச் சூழலைச் செய்யுங்கள். எதையும் நிறுவ முன்பு அந்தச் சூழல் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் கட்டளை வரியின் தொடக்கத்தில், அடைப்புக்குறிக்குள் அதன் பெயர் தெரியும். நான் இன்றும் தவறவிடுவது இந்த ஒன்றைத்தான். புதிய பொதி சேர்க்கும் போதெல்லாம் பட்டியலையும் புதுப்பித்து, நிரலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். சூழல் பழுதானால் பயப்பட வேண்டாம். அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு, பட்டியலைக் கொண்டு மீண்டும் செய்துகொள்ளலாம். இதற்கெல்லாம் காசும் தேவையில்லை, கணனியில் கொஞ்சம் இடம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

அந்த சீ.ஆர். கொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. குப்பி விளக்கின் எண்ணெய் பட்டு அந்தப் பக்கத்தில் ஒரு மூலை மஞ்சளாகிவிட்டது. அம்மா ஒருநாள் அதைக் கண்டுவிட்டு, "இந்த ஊத்தைக் கொப்பியை எறியனடி" என்றார். எறியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மச்சச் சட்டியை மூலைக்கு எடுத்து வைக்கும்போது இப்போது நான் அம்மாவுடன் வாதாடுவதும் இல்லை.